பாலைவன ஓரத்தில் ஓர் ஆயக்கட்டு

சாண்ட்லரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "இங்க எழுத என்ன மாமா இருக்கு? கிராண்ட் கேன்யன் கூட்டிட்டுப் போறேன், அதப் பத்தி எழுதுங்க" என்றார். கிராண்ட் கேன்யனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சாண்ட்லருக்கு யார் இருக்கிறார்கள்?

அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் மாநகருக்குத் தென்கிழக்கே ஒட்டிக்கொண்டிருக்கிற புறநகர் இது. கார் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஆறு தடச் சாலை, சாலையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் மண் நிறச் சுவர், சுவருக்குப் பின்னால் ஓட்டுக்கூரை வீடுகள், வாசலில் புல்லுக்குப் பதில் ஜல்லி. அடுத்த சிக்னலிலும் அதேதான். சுமார் 2.76 லட்சம் பேர் இருப்பதாக 2020 கணக்கெடுப்பு சொல்கிறது. அதில் நம்மவர்கள் ஏராளம், பாதிப்பேர் சிப் தொழிற்சாலைப் புண்ணியத்தில் வந்தவர்கள். காலை நடையில் எதிரே வருகிறவருக்கு "குட் மார்னிங்" சொல்வதா, "வணக்கம்" சொல்வதா என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தேடுவது தொழில் வியாதி. சாண்ட்லரை அப்படித் தேட ஆரம்பித்தால் சுவாரஸ்யத்துக்குக் குறைவில்லை. இது பாலைவனத்தில் முளைத்த ஊர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை இது ஓர் ஆயக்கட்டு, அதாவது அணைத் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு. பயிர் போய் வீடு வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் சாலைகளைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கு மேற்காக ஓடும் பெரிய சாலைகளை வடக்கிலிருந்து வரிசையாகச் சொன்னால் வார்னர், ரே, சாண்ட்லர் புலவார்ட், பெக்கோஸ், ஜெர்மன், குவீன் கிரீக், ஒகோட்டியோ. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சரியாக ஒரு மைல். வடக்கு தெற்காகவும் அப்படியே. 1865இல் சால்ட் ஆறும் ஹீலா ஆறும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு குன்றைத் தொடக்கப் புள்ளியாகக் குறித்தார்கள், அரிசோனாவில் பெரும்பகுதியை அதிலிருந்துதான் அளந்தார்கள். அந்தப் புள்ளியிலிருந்து கிழக்கே இழுத்த கோடுதான் இன்று டெம்பி, மெசா வழியாகப் போகும் பேஸ்லைன் ரோடு. சாண்ட்லர் புலவார்ட் அதற்கு ஐந்து மைல் தெற்கு. ஒரு மைல் சதுரம் என்பது 640 ஏக்கர், அதை நான்காகப் பிரித்தால் 160 ஏக்கர். இந்த 160ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் பிறந்ததே இந்த எண்ணால்தான்.

ஊரின் பெயர் அலெக்சாண்டர் ஜான் சாண்ட்லர் என்ற ஆளுடையது. கனடாவில் பிறந்த கால்நடை மருத்துவர். 1887இல், அரிசோனா மாநிலமாகாமல் வெறும் பிரதேசமாக இருந்தபோது, அதன் முதல் அரசுக் கால்நடை மருத்துவராக வந்தார். மாட்டு வைத்தியம் பார்க்க வந்தவருக்கு மண் மேல் ஆசை வந்துவிட்டது. மெசாவுக்குத் தெற்கே நிலம் வாங்கினார், நீர்ப்பாசனம் படித்தார், டெட்ராய்ட் பணக்காரர்களின் முதலீட்டைப் பிடித்தார். 1891இல் கன்சாலிடேட்டட் கால்வாயை வெட்ட ஆரம்பித்தார், அதுவும் நீராவியில் ஓடும் தூர்வாரி இயந்திரத்தை வைத்து. 1900 வாக்கில் அவர் கையில் இருந்தது 18,000 ஏக்கர். கால்வாயும் அவருடையது, கால்வாய் பாயும் நிலமும் அவருடையது. இப்படி ஒரு மிராசுதாரை அதிகாரியாக நான் சந்தித்திருந்தால் என் தூக்கம் போயிருக்கும்.

அவர் தூக்கத்தைக் கெடுத்தது மத்திய அரசு. 1902இல் வறண்ட மேற்கு மாநிலங்களுக்காக ஒரு பாசனச் சட்டம் வந்தது. அரசுப் பணத்தில் அணை கட்டித் தருவோம், ஆனால் ஒரு நில உரிமையாளருக்கு 160 ஏக்கருக்கு மேல் அந்தத் தண்ணீர் கிடையாது. சிறு விவசாயிகளைக் குடியேற்றுவதுதான் சட்டத்தின் நோக்கம். சால்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் 1903இல் சங்கம் சேர்ந்து, தங்கள் நிலத்தையே ஈடாக எழுதிக்கொடுத்து, கடனுக்கு அணை வாங்கினார்கள். ரூஸ்வெல்ட் அணை 1911 மார்ச்சில் திறக்கப்பட்டது. முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டே நேரில் வந்து திறந்தார். 280 அடி உயரக் கல் கட்டுமானம், கல் கொத்தியவர்களில் இத்தாலியர்கள் உண்டு, சாலை போட்டவர்களில் அப்பாச்சி மக்கள் உண்டு. அணைக் கடனை 1955இல்தான் கட்டி முடித்தார்கள். விவசாயிகள் அரசுக் கடனை முழுதாகக் கட்டி முடித்தார்கள் என்பதை இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

அணைத் தண்ணீர் வேண்டுமென்றால் சாண்ட்லர் தன் 18,000 ஏக்கரைத் துண்டு போட்டாக வேண்டும். போட்டார். நாடெங்கும் விளம்பரம் செய்தார், நிலத்துக்கு நடுவில் ஒரு நகர வரைபடமும் தயாரித்தார். 1912 பிப்ரவரியில் அரிசோனா மாநிலமானது. அதே ஆண்டு மே 17இல் மனை விற்பனை அலுவலகம் திறந்தது. தனி ரயிலில் வந்து இறங்கி வாங்கினார்கள் என்பது ஊர்க் கதை. நிலச் சீர்திருத்த விதியில் மாட்டிய ஒரு பண்ணையார், அந்த விதியையே ரியல் எஸ்டேட் லாபமாக மாற்றிய கதைதான் இந்த ஊரின் பிறப்புச் சான்றிதழ். ஆளைத் திட்டவும் முடியவில்லை, பாராட்டவும் மனம் வரவில்லை.

அடுத்த வருடமே, 1913 நவம்பரில், ஊர் நடுவே சான் மார்கோஸ் ஹோட்டல் திறந்தது. ஸ்பானிய மிஷன் கட்டடங்களைப் போல வெள்ளைச் சுவரும் வளைவுகளும். இன்றும் ஹோட்டலாகவே ஓடுகிறது. சுற்றிலும் பருத்திக் காடும் புழுதியுமாக இருந்த இடத்தில் கிழக்குக் கரைப் பணக்காரர்கள் குளிர்காலம் கழிக்க வந்து கோல்ஃப் ஆடினார்கள். கடைவீதியில் நடைபாதைக்கு மேலே நிழல் பந்தல்கள் போட்டிருக்கிறார்கள். மே மாதத்துக்கு மேல் அந்தப் பந்தலின் அருமை தெரியும்.

பருத்தி என்றேனே, அது தனிக் கதை. கார் டயருக்குள் அப்போது நீள இழைப் பருத்தியில் செய்த கயிறு வைப்பார்கள். முதல் உலகப் போரில் எகிப்துப் பருத்தி வருவது சிக்கலானது, அமெரிக்காவின் சொந்த நீள இழைப் பருத்தியைக் காய்க் கூன்வண்டு தின்றது. குட்இயர் டயர் கம்பெனி இங்கே வந்து ஆயிரக்கணக்கான ஏக்கரில் பருத்தி போட்டது. அந்தப் பருத்தியின் பெயர் பீமா. பக்கத்துப் பழங்குடி மக்களின் பெயரால் வந்தது, அவர்கள் நிலத்தில் இருந்த அரசுச் சோதனைப் பண்ணையில் வளர்த்தெடுத்த ரகம். ஜவுளிக் கடையில் "பீமா காட்டன்" என்று கூடுதல் விலை சொல்லும்போது இனிமேல் இந்த மண் ஞாபகம் வரும். போர் முடிந்ததும் 1920-21இல் விலை தரைமட்டமானது. அதற்கு முன்னால் நெருப்புக்கோழியும் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள், பெண்களின் தொப்பிக்கு இறகு வைக்க. தொப்பி நாகரிகம் மாறியது, கோழியும் போச்சு. 1989 முதல் அந்த நினைவாக நெருப்புக்கோழித் திருவிழா நடத்துகிறார்கள். பேரன் என்னை அழைத்துப்போய்க் காட்டியதில் ராட்டினங்கள் அதிகம், கோழிகள் குறைவு.

1929ஐச் சொல்லாமல் சாண்ட்லர் டாக்டரின் கதை முடியாது. பாலைவனத்தில் இன்னொரு பிரம்மாண்ட விடுதி கட்ட வேண்டும் என்று கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டை அழைத்தார். அப்போது ரைட் கையில் வேலை இல்லாமல் இருந்த காலம். சவுத் மவுண்டன் அடிவாரத்தில் பலகையும் கித்தான் துணியும் வைத்து ஒரு முகாம் கட்டி, ஒகோட்டியோ என்று பெயரிட்டு, தன் ஆட்களோடு அங்கேயே தங்கி வரைபடம் போட்டார். அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது, விடுதி காகிதத்திலேயே நின்றுவிட்டது. சாண்ட்லர் ஹோட்டலையும் இழந்தார். 1950இல் காலமானார். ரைட்டுக்கு மட்டும் பாலைவன ருசி பிடித்துவிட்டது. எட்டு வருடம் கழித்து ஸ்காட்ஸ்டேல் பக்கம் தாலியசின் வெஸ்ட் என்று தன் குளிர்கால வீடும் பட்டறையும் கட்டியதற்கு அந்தக் கித்தான் முகாம்தான் ஒத்திகை.

அப்புறம் ஐம்பது வருடம் பெரிதாக ஒன்றுமில்லை. 1941இல் பக்கத்தில் வில்லியம்ஸ் விமானப் பயிற்சித் தளம் வந்தது, 1993இல் மூடினார்கள், இன்று அது விமான நிலையமும் பல்கலைக்கழக வளாகமும். 1950இல் ஊரில் நாலாயிரம் பேர்கூட இல்லை. 1980இல் முப்பதாயிரம், பத்து வருடத்தில் அது மூன்று மடங்கு. இடையில் வந்தது சிப் கம்பெனி இன்டெல். 1980இல் முதல் தொழிற்சாலை, 1996இல் தெற்கே ஒகோட்டியோ வளாகத்தில் ஃபேப் 12 (சிப் ஆலையை ஃபேப் என்பார்கள்), பிறகு 22, 32, 42 என்று வரிசை. ஃபேப் 42ஐக் கட்டிவிட்டுப் பல வருடம் காலியாகவே வைத்திருந்தார்கள், 2020இல்தான் ஓட்டத்துக்கு வந்தது. 2021இல் 2,000 கோடி டாலரில் இன்னும் இரண்டு அறிவித்தார்கள். டயர் கம்பெனி பருத்தி போட்ட ஊர்ப்பக்கம்தான் இந்த வளாகமும். மாப்பிள்ளை வேலை செய்வது அங்கே இல்லை, ஆனால் அதைச் சுற்றி வாழும் கம்பெனிகளில் ஒன்றில்.

தண்ணீருக்கு வருகிறேன். கன்சாலிடேட்டட் கால்வாய் இன்றும் ஊருக்குள் ஓடுகிறது. கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள், என் காலை நடை அதில்தான். சிமெண்ட் பூசிய வாய்க்கால், அமைதியான ஓட்டம், ஆங்காங்கே மதகு. ஷட்டரைத் தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரில் ஏற்றி இறக்குகிறார்கள். கிளை வாய்க்காலில் மட்டும் ஆள் வந்து திறப்பார், அவரைச் சான்ஹெரோ என்கிறார்கள். நம் லஸ்கர்தான், பிக்கப் வண்டியில் வருகிறார். நான் ஒருவரை நிறுத்தி, முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பற்றிக் கேட்டேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தார். நான் நீரளவைக் கம்பத்தைக் காட்டி ஒரு கேள்வி கேட்டதும் வண்டியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். பாசனக்காரர்களுக்கு உலகம் முழுக்க ஒரே புலம்பல்தான், கடைமடைக்காரர் போன் பண்ணிக்கொண்டே இருக்கிறாராம்.

மெசா பக்கம் பழைய தெருக்களில் இன்றும் வீட்டுப் புல்வெளிக்கு வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். தோட்டத்தைச் சுற்றிச் சிறு வரப்பு, மூலையில் ஒரு வால்வு. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முறை வரும், அது நள்ளிரவு இரண்டு மணியாகவும் இருக்கலாம். பைஜாமாவில் டார்ச்சோடு வால்வு திறக்கும் அமெரிக்கர்களைப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மகளுக்குப் புரியவைக்க முடியவில்லை. யாருக்கு முதல் உரிமை என்பதை 1910இல் நீதிபதி எட்வர்ட் கென்ட் கொடுத்த தீர்ப்பு முடிவு செய்கிறது. எந்த நிலம் எந்த ஆண்டு முதலில் பாசனம் பெற்றதோ அந்த வரிசை. தீர்ப்பு நூறு வருடம் தாண்டி இன்னும் செல்லுபடி. உரிமை நிலத்தோடு ஒட்டியது, ஆளோடு அல்ல.

வாய்க்காலில் வெள்ளை அமூர் என்று ஒரு மீன் விட்டிருக்கிறார்கள். பாசி, கோரையெல்லாம் தின்றுவிடும். இனப்பெருக்கம் செய்ய முடியாத மீனாகப் பார்த்து விடுகிறார்கள், ஆற்றுக்குத் தப்பிப் போனாலும் பெருகாது. குளிர்காலத்தில் ஒவ்வொரு பகுதியாக வாய்க்காலை வற்றவைத்து மராமத்து பார்ப்பார்கள். அப்போது மீன்களை வலையால் ஓட்டிக்கொண்டுபோய் வேறு பகுதியில் விடுகிறார்கள். தூர்வாரும் டெண்டரிலேயே காலம் தள்ளிய எனக்கு இது நம்ப முடியாத நாகரிகம்.

ஆனால் சாண்ட்லர் டாக்டர் ஒன்றும் முதல் ஆள் இல்லை. இந்தச் சமவெளியில் ஹோஹோகம் மக்கள் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக, மரக்கோலும் கல்லும் வைத்து நூற்றுக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். வாட்டம் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். மைலுக்குச் சில அடி சரிவு, அதை லெவல் கருவி இல்லாமல் பிடித்திருக்கிறார்கள். 1450 வாக்கில் அந்தக் குடியிருப்புகள் கலைந்தன. 1867இல் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் வந்து வாய்க்கால் வெட்டியபோது பழைய தடத்தையே பிடித்தார், பின்னால் வந்தவர்களும் பல இடங்களில் அப்படித்தான். பழைய ஊரின் சாம்பலில் எழுந்தது என்றுதான் பீனிக்ஸ் என்று பெயரே வைத்தார்கள்.

ஊரின் தெற்கெல்லையும் மேற்கெல்லையும் திடீரென்று முடியும். ஒரு பக்கம் நீச்சல் குளம் வைத்த வீடு, சாலைக்கு அந்தப்பக்கம் ஒன்றுமே இல்லை. கிரியோசோட் புதரும் வெறும் தரையும்தான். முதலில் பார்க்கிறவர்கள் "இங்கேதான் பாலைவனம் ஆரம்பிக்கிறது" என்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அது இயற்கை போட்ட எல்லை இல்லை. அங்கே தொடங்குவது ஹீலா ரிவர் இந்தியச் சமூகத்தின் நிலம். ஆற்று மக்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அகிமெல் ஓ'ஓதாம் மக்களும் (பீமா என்று வெளியார் அழைப்பது இவர்களைத்தான்), அவர்களோடு பீபாஷ் மக்களும் அங்கே இருக்கிறார்கள். 1850களில் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப்போனவர்களுக்குக் கோதுமை விற்றவர்கள் இவர்கள். ராணுவத்துக்கும் விற்றார்கள். அந்தப் பாலைவனத்திலும் உபரி தானியம் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

பிறகு ஹீலா ஆற்றின் மேல்பகுதியில் குடியேறியவர்கள் தண்ணீரைத் திருப்பினார்கள். 1800களின் கடைசிப் பத்து, இருபது ஆண்டுகளில் ஆறு வறண்டது, விளைச்சல் நின்றது, பஞ்சம் வந்தது. அரசு கொடுத்த மாவையும் கொழுப்பையும் தின்று உடம்பும் கெட்டது. சர்க்கரை நோய் பற்றிய மருத்துவ ஆய்வுகளில் "பீமா மக்கள்" என்ற பெயர் இத்தனை தடவை வருவதற்குப் பின்னால் இந்த வறண்ட ஆறு இருக்கிறது. மேல்மடைக்காரன் கீழ்மடைக்காரனுக்குச் செய்ததை நான் ஃபைல்களில் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒரு மக்கள் கூட்டத்தையே இப்படிச் சாய்த்ததைப் பார்த்ததில்லை. 1942இல் அவர்கள் எதிர்ப்பையும் மீறி அவர்கள் நிலத்திலேயே ஜப்பானிய அமெரிக்கர்களுக்கான சிறைமுகாம்களைக் கட்டினார்கள். உச்சத்தில் 13,000 பேர் அடைபட்டிருந்தார்கள். உள்ளே கெனிச்சி செனிமுரா என்பவர் ஒரு பேஸ்பால் மைதானமே உருவாக்கினார்.

நீதி வர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 2004இல் ஒரு மத்தியச் சட்டம் அவர்களுக்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி) நீர் உரிமையை உறுதி செய்தது. நம் கணக்கில் சுமார் 28 டிஎம்சி. அதில் ஒரு அங்கமாக, சாண்ட்லரும் மெசாவும் சுத்திகரித்த கழிவுநீரை அவர்களின் வயலுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவர்களுடைய கொலராடோ ஆற்று நீரில் பங்கு வாங்கிக்கொள்கின்றன. அதாவது யாருடைய ஆறு வறண்டதோ அவர்களிடம்தான் இன்று இந்த நகரங்கள் தண்ணீருக்குப் பேசியாக வேண்டும்.

கொலராடோ நீர் எப்படி வருகிறது என்பது இன்னொரு ஆச்சரியம். ஹவாசு ஏரியிலிருந்து 336 மைல் கால்வாய், வழியில் 2,900 அடி உயரத்துக்கு மேல் மொத்தமாகப் பம்பு செய்கிறார்கள். 1973இல் ஆரம்பித்து 1993இல் முடிந்த வேலை. அதற்கு முன் அணைத் தண்ணீர் எட்டாத இடங்களுக்குப் போர்வெல்தான் கதி, உறிஞ்சியதில் தரையே தாழ்ந்தது. குவீன் கிரீக் பக்கம் பூமி நீளமாகப் பிளந்து, 2007இல் ஒரு குதிரையே பிளவுக்குள் விழுந்து செத்தது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தாவிட்டால் கால்வாய்க்குப் பணம் இல்லை என்று வாஷிங்டன் மிரட்டிய பிறகுதான் 1980இல் சட்டம் வந்தது. அந்த வழியில் வந்த விதிப்படி, புது மனைப்பிரிவு போட நூறு வருடத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். 2023இல், நிலத்தடி நீரை மட்டுமே நம்பும் புது மனைப்பிரிவுகளுக்கு பீனிக்ஸ் வட்டாரத்தில் அனுமதியை நிறுத்திவிட்டார்கள். கொலராடோவிலும் கை வைத்தாயிற்று. 2022இல் மட்டும் அரிசோனாவுக்கு 5,12,000 ஏக்கர் அடி வெட்டு, அந்த அடியைப் பெரும்பாலும் வாங்கியது தெற்கே பினால் மாவட்ட விவசாயிகள். சிப் தொழிற்சாலைக்குத் தண்ணீர் நிற்கவில்லை.

இதைச் சொன்னால் மாப்பிள்ளைக்குக் கோபம் வரும். "தண்ணியத் திரும்பச் சுத்தம் பண்ணித்தான் மாமா விடுறாங்க" என்பார். உண்மைதான். இன்டெல்லின் கழிவுநீரைச் சுத்திகரிக்கவென்றே நகராட்சியோடு சேர்ந்து தனி நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். ஊரின் சாக்கடை நீர் ஏறக்குறைய முழுவதும் மறுபடி பயன்படுகிறது, மிச்சத்தை நிலத்துக்குள் இறக்குகிறார்கள். வெட்டரன்ஸ் ஒயாசிஸ் என்ற பூங்காவே அப்படி நீர் இறக்கும் குளங்கள்தான், குளிர்காலத்தில் வாத்தும் கொக்கும் வந்து குவிகின்றன. 2015இல் பெரிய நீர் உபயோகிப்பாளர்களுக்கு உச்சவரம்பும் போட்டார்கள், இவ்வளவுக்கு மேல் வேண்டுமென்றால் ஊருக்கு என்ன நன்மை என்று காட்ட வேண்டும். எல்லாம் கெட்டிக்காரத்தனமான நிர்வாகம், சந்தேகமே இல்லை. ஆனாலும் வயலுக்கும் தொழிற்சாலைக்கும் போட்டி வந்தால் யார் ஜெயிப்பார் என்பது எந்த ஊரிலும் ரகசியம் இல்லை.

குடியிருப்புப் பூங்காக்களைப் பற்றி ஒன்று. எல்லாப் புல்தரையும் சாலை மட்டத்திலிருந்து நாலைந்து அடி பள்ளத்தில் இருக்கும். பிள்ளைகள் உருண்டு விளையாட என்று பேரன் நினைத்துக்கொண்டிருக்கிறான். மழைநீர் தங்க வேண்டும் என்ற மாவட்ட விதி அது. நூறு வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய இரண்டு மணி நேர மழையை அந்தந்த மனைப்பிரிவே தாங்கிக்கொள்ள வேண்டும், 36 மணி நேரத்துக்குள் வடியவும் வேண்டும். வருடத்துக்கு ஏழு அங்குலம் பெய்யும் ஊரில் எதற்கு இவ்வளவு என்று கேட்டால் ஜூலையில் வந்து பாருங்கள். தெற்கிலிருந்து புழுதிச் சுவர் ஒன்று எழுந்து வரும், ஹபூப் என்பார்கள். 2011 ஜூலை 5இல் வந்தது ஊரையே விழுங்கியதாம். பின்னாலேயே இடி, அரை மணி நேரம் அடைமழை, பள்ளப் பூங்காவெல்லாம் குளம். மழைக்கு முந்திய காற்றில் கிரியோசோட் புதரின் தார் கலந்த வாசம் வரும். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை, எனக்கு அதற்காகவே இன்னொரு கோடை இருக்கலாம் போலிருந்தது. மற்றபடி கோடை கொடுமைதான். 2023இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ, நம் கணக்கில் 43க்கு மேல்.

எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. அந்த மண் நிறச் சுவர்கள்தான் முதலில். பின்வீட்டுக்காரரைப் பார்க்க ஒரு மைல் சுற்ற வேண்டும். மைல் சதுரத்துக்குள் தெருக்கள் பாம்பாய் வளைந்து எங்கும் போகாமல் முடிகின்றன. வேமோவின் ஆளில்லாக் கார்கள் 2016 முதல் இங்கே பழகியதற்கு நேரான அகல சாலையும் வெயிலும் காரணம். உள்ளூர்க்காரர்கள் சிலர் அவற்றின் மேல் கல் எறிந்து, டயரைக் கிழித்ததும் இதே ஊரில்தான். இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. 1997 ஜூலையில் பழைய கடைவீதியைப் புதுப்பிக்கும் உற்சாகத்தில், நகரப் போலீசும் எல்லைக் காவல் படையும் சேர்ந்து, அனுமதியின்றிக் குடியேறியவர்களை ஐந்து நாள் தெருத்தெருவாகத் தேடி 400க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். தோல் நிறமும் ஸ்பானிஷ் பேச்சும் போதும், நிறுத்தி அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் குடிமக்களையும் கேட்டார்கள். வழக்கானது, நகராட்சி பணம் கொடுத்து முடித்தது. இப்போது அதே வீதியில் அழகான காப்பிக் கடைகள் இருக்கின்றன. டிசம்பரில் அங்கே ஒரு கிறிஸ்துமஸ் மரம் வைப்பார்கள். 1957 முதல் வழக்கம், உருண்டோடும் காய்ந்த டம்பிள்வீட் செடிகளைப் பொறுக்கி அடுக்கி வெள்ளையடித்து விளக்குப் போட்டது. அந்தச் செடியே ரஷ்யாவிலிருந்து விதையோடு விதையாக வந்த அந்நியக் களை. அதற்கு யாரும் அட்டை கேட்கவில்லை.

கடைசியாகப் பார்த்தது ஹீலா ரிவர் மக்களின் நிலத்தில் ஒரு வாய்க்கால். மேலே ஏறத்தாழ அரை மைலுக்குச் சோலார் பலகைகள் கூரையாக நிற்கின்றன. 2024இல் முடித்தார்கள், அமெரிக்காவில் இதுதான் முதல். இதைக் குஜராத்தில் நர்மதைக் கிளைக் கால்வாயில் 2012லேயே செய்தாயிற்று என்று மாப்பிள்ளையிடம் சொன்னபோது என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும். ஆவியாகும் தண்ணீர் மிச்சமாகும் என்பதுதான் விளம்பரம். என்னைக் கேட்டால் ஓடும் வாய்க்காலில் ஆவியாவதைவிடக் கசிவதுதான் பெரிய நஷ்டம், அதைச் சிமெண்ட் பூச்சு பார்த்துக்கொள்ளும். நிழலின் நிஜ லாபம் பாசி குறைவது, வயலுக்குப் பம்பு ஓட்ட அங்கேயே மின்சாரம் கிடைப்பது. தூர்வாரும் இயந்திரம் கரையிலிருந்து கை நீட்ட இடம் விட்டிருக்கிறார்களா என்று மட்டும் எட்டிப் பார்த்தேன். பலகைத் தூண்களைக் கரைக்கு வெளியே தள்ளித்தான் நட்டிருக்கிறார்கள், ஆனால் ஒரு பக்கம்தான் வண்டி போக வழி. மராமத்துக்காரன் ஒருத்தனையும் கேட்காமல் போட்ட டிசைன் போலிருக்கிறது என்றேன். "அப்பா, போதும் ஏறுங்க, ஏசி வேஸ்ட் ஆகுது" என்றாள் மகள்.